பாடிப் பார்க்கச் சொன்னார்கள், பாட்டே முடிந்துவிட்டது! ஸ்ரேயா கோஷல் பற்றி இதெல்லாம் தெரியுமா?

‘முன்பே வா’ பாட்டை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? நூறு? ஆயிரம்? 2006-இல் ‘சில்லுனு ஒரு காதல்’ வந்ததிலிருந்து கல்யாண மண்டபம், காலேஜ் பஸ், பக்கத்து வீட்டுப் பையனின் ரிங்டோன் என்று எங்கே போனாலும் அந்தப் பாட்டு நம்மைத் துரத்திக்கொண்டேதான் இருக்கிறது. சரி, அதைப் பாடிய இருவருமே டிவி பாட்டுப் போட்டி மேடையில் மைக் பிடித்து நின்றவர்கள் என்பது தெரியுமா? அதைவிட வேடிக்கை, அந்த இருவரில் ஒருவர் ஜெயித்தவர், இன்னொருவர் தோற்றவர்!

தோற்றவர் நரேஷ் ஐயர். மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பையன். சேனல் வி நடத்திய சூப்பர் சிங்கர் போட்டியில் கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். கோப்பையா பெரிது? 2005-இல் ‘அன்பே ஆருயிரே’ படத்தில் ‘மயிலிறகே’ பாட வைத்துவிட்டார். அடுத்த வருடம் வந்த ‘ரங் தே பசந்தி’ பாட்டுக்கு நரேஷ் தேசிய விருதே வாங்கிவிட்டார். தோற்றவர் கதையே இப்படி என்றால், ஜெயித்தவர் கதை எப்படியிருக்கும்?

அந்த ஜெயித்தவரின் ரசிகை நான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கோஷல் என்ற பெயரைப் பார்த்ததும் கொல்கத்தாவில் பிறந்து, டிராம் வண்டிச் சத்தத்தில் வளர்ந்த பெண் என்றுதானே நினைத்தீர்கள்? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறந்தது வங்காளம்தான்: முர்ஷிதாபாத் மாவட்டம் பஹரம்பூர், 1984 மார்ச் 12. ஆனால் வளர்ந்தது ராஜஸ்தானில்! கோட்டாவுக்குப் பக்கத்தில், சம்பல் ஆற்றங்கரையில் ராவத்பாட்டா என்று ஒரு ஊர். அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? அணுமின் நிலையம்! அப்பா அங்கே எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். நம் கல்பாக்கம் டவுன்ஷிப்பை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை சட்டென்று புரியும். ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள், துர்கா பூஜையும் பொங்கலும் ஒரே கம்யூனிட்டி ஹாலில். ஸ்ரேயா படித்த பள்ளியின் பெயரே அணுசக்தி மத்தியப் பள்ளி. இந்தியாவின் ஆகப் பெரிய மெல்லிய குரல் அணு உலைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பியது என்றால் யார் நம்புவார்கள்?

நாலு வயதில் அம்மாதான் முதல் குரு. ஆறு வயதில் முறையான இந்துஸ்தானி வகுப்பு. அதற்கு அப்புறம் டிவி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ச ரி க ம’ என்று ஜீ டிவியில் 1995-இல் தொடங்கிய நிகழ்ச்சி. இன்றைய போட்டிகளை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யாதீர்கள். எஸ்எம்எஸ் ஓட்டு கிடையாது. பாடி முடித்ததும் அப்பா அம்மாவை மேடையேற்றி அழ வைத்து, பின்னணியில் வயலின் இழைக்கிற வேலை கிடையாது. (இப்போதெல்லாம் பாட்டு நாலு நிமிடம், கண்ணீர் பதினாலு நிமிடம்!) பெரிய பெரிய இசையமைப்பாளர்களும் உஸ்தாத்களும் வந்து உட்கார்வார்கள். சுருதி விலகினால் மார்க் போய்விடும், அவ்வளவுதான். தொகுப்பாளர் யார் தெரியுமா? சோனு நிகம்! அப்போது அவரும் வளர்ந்துகொண்டிருந்த பையன்தான்.

அதில் குழந்தைகளுக்கான சிறப்பு நிகழ்ச்சியில் பாடி ஜெயித்தார் ஸ்ரேயா. நடுவராக இருந்தவர் கல்யாண்ஜி. ஆமாம், கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இரட்டையரில் மூத்தவர். அவர் சும்மா கைதட்டிவிட்டுப் போகவில்லை. இந்தப் பெண்ணை மும்பைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பெற்றவர்களிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். சொன்னதோடும் நிற்காமல், வந்த பிறகு பதினெட்டு மாதம் தானே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். 1997-இல் அப்பாவுக்கு மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு மாற்றல் கிடைத்துக் குடும்பமே இடம்பெயர்ந்தது. பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. பாட்டுக்காக ஊரையே மாற்றிய வீடு அது. நம் வீடுகளில் டென்த் பரீட்சை வருகிறது என்றால் பாட்டு கிளாஸைத்தானே முதலில் நிறுத்துவோம்?

கல்யாண்ஜி வளர்த்துவிட்ட குரல்களில் சாதனா சர்கமும் ஒருவர் என்பது தெரியுமா? ‘அழகி’ படத்தில் ‘பாட்டுச் சொல்லி’ பாடினாரே, அவரேதான். இப்போது இதைக் கேளுங்கள்: 2001-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது சாதனா சர்கமுக்கு, அந்தத் தமிழ்ப் பாட்டுக்காக. அடுத்த ஆண்டுக்கான விருது ஸ்ரேயாவுக்கு. ஒரே குருவின் நிழலில் நின்ற இரண்டு பேர், அடுத்தடுத்த இரண்டு வருடம்! ஆனால் அதைப் பார்க்கக் குரு இல்லை. 2000 ஆகஸ்டில் கல்யாண்ஜி காலமாகிவிட்டார். நெஞ்சை அடைக்கிறதா இல்லையா?

சரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான்.

ஸ்ரேயா அதே ‘ச ரி க ம’வில் மறுபடியும் பாடினார், இந்தத் தடவை பெரியவர்கள் பிரிவில். மும்பையில் ஒரு வீட்டில் ஓர் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அவரை உலுக்கிவிட்டது. உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டார்: வந்து பார், இந்தப் பெண் பாடுவதை! மகன் வந்து பார்த்தார். அந்த மகன் யார் தெரியுமா? சஞ்சய் லீலா பன்சாலி! ‘தேவதாஸ்’ எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தவர், பார்வதிக்குக் குரல் தேடிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பாத்திரத்துக்கு வேண்டிய கள்ளமில்லாத தன்மை இந்தக் குரலில் இருக்கிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். பெண்ணுக்கு வயது பதினாறு.

அந்த அம்மாவின் பெயர் என்ன தெரியுமா? லீலா! சஞ்சய் லீலா பன்சாலி என்ற பெயரின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த லீலா. அம்மா பெயரைத் தன் பெயருக்குள் வைத்துக்கொண்ட மகன், அம்மா காட்டிய குரலைத் தன் படத்துக்குள் வைத்துக்கொண்டார். இதை நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன், இன்னும் அலுக்கவில்லை. அந்த நேரத்தில் கரண்ட் போயிருந்தால்? லீலா அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுந்து போயிருந்தால்? ரிமோட்டை வேறு யாராவது பிடுங்கியிருந்தால்? யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது ரெக்கார்டிங். பாட்டு ‘பைரி பியா’. பிளஸ் டூ பரீட்சை தலைக்கு மேல் தொங்குகிறது. ஸ்ரேயா என்ன செய்தார் தெரியுமா? பாடப் புத்தகத்தையும் நோட்டையும் ஸ்டுடியோவுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்! நடுவில் கிடைக்கிற நேரத்தில் படிப்பு. ஐஸ்வர்யா ராய்க்குக் குரல் கொடுக்கப் போகிற இடத்தில் மடியில் பாடப் புத்தகம்!

மைக் முன்னால் நின்றதும், ரெக்கார்டிங்குக்கு முன் ஒரு தடவை பாடிப் பார்த்துக்கொள் என்றார்கள். கண்ணை மூடினார். நடுவில் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடினார். கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே பரபரப்பு, சலசலப்பு. என்னவோ தப்பு செய்துவிட்டோம் போல என்றுதானே யாருக்கும் தோன்றும்? நடந்தது என்ன தெரியுமா? அவர் பாடிப் பார்த்ததையே அவர்கள் பதிவு செய்துவிட்டார்கள்! ஒத்திகை என்று நினைத்துப் பாடியதே ஒரே டேக்கில் பாட்டாகிவிட்டது. 

2002 ஜூலையில் படம் வந்தது. அந்தப் படத்தில் மட்டும் அவருக்கு ஐந்து பாட்டு. முதல் படம், முதல் சினிமா ரெக்கார்டிங், முதல் தேசிய விருது, எல்லாம் ஒரே பாட்டில் ஆரம்பம். இருபது வயது நிறையும் முன்பே விருது கைக்கு வந்தாயிற்று. அந்த ஐந்தில் ஒன்றான ‘டோலா ரே டோலா’வில் மாதுரி தீட்சித்துக்குக் குரல் கொடுத்தவர் கவிதா கிருஷ்ணமூர்த்தி. டெல்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், சின்ன வயதில் ரவீந்திர சங்கீதம் கற்றுக்கொண்டவர். வங்காளப் பாட்டு படித்த தமிழ்ப் பெண்ணும், பிற்பாடு தமிழ்ப் பாட்டில் நம்மைக் கட்டிப்போடப் போகிற வங்காளிப் பெண்ணும் ஒரே பாட்டில்! அந்தப் பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருது இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

கள்ளமில்லாத குரல் என்றுதானே பன்சாலி தேர்ந்தெடுத்தார்? அடுத்த வருடமே ‘ஜிஸ்ம்’ படத்தில் ‘ஜாதூ ஹை நஷா ஹை’ வந்தது. கிறக்கமும் மயக்கமும் வழிகிற பாட்டு. அதே தொண்டைதானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தத் தைரியத்தைச் செய்த இசையமைப்பாளர் எம்.எம்.க்ரீம். யார் அது என்கிறீர்களா? நம்ம மரகதமணி! ‘அழகன்’ மரகதமணி, ‘நாட்டு நாட்டு’ கீரவாணி, எல்லாம் ஒரே ஆள்தான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ஸ்ரேயா தமிழுக்கு ‘முன்பே வா’ மூலமாகத்தான் வந்தார் என்று இன்னும் பலர் சத்தியம் செய்கிறார்கள். இல்லவே இல்லை! ‘தேவதாஸ்’ வந்த அதே 2002-இல் ‘ஆல்பம்’ என்று ஒரு படம். கார்த்திக் ராஜா இசை. ‘செல்லமே செல்லம்’ என்று ஹரிஹரனோடு பாடினார். படம் எடுத்தவர் யார் தெரியுமா? வசந்தபாலன்! அவருக்கும் அதுதான் முதல் படம். நாலு வருடம் கழித்து அவருடைய இரண்டாவது படம் ‘வெயில்’ வந்தபோது ‘உருகுதே மருகுதே’ பாடினாரே, ஞாபகம் வருகிறதா? இசை ஜி.வி.பிரகாஷ், அவருக்கும் அது முதல் படம். முதல் படக்காரர்களுக்கு இந்தக் குரல் ராசி போலிருக்கிறது.

நடுவில் இளையராஜா சும்மா இருப்பாரா? 2003-இல் ‘பிதாமக’னில் ‘இளங்காத்து வீசுதே’. 2004-இல் ‘விருமாண்டி’யில் கமல்ஹாசனோடு ‘உன்ன விட’. அது சாதாரணத் தமிழ் இல்லை, மதுரைப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ். ராஜஸ்தானில் வளர்ந்த வங்காளிப் பெண் உசிலம்பட்டிப் பேச்சில் கொஞ்சுகிறாள்! அதே 2004-இல் யுவன் இசையில் ‘7ஜி ரெயின்போ காலனி’. அந்தப் படம் வந்த சமயத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தவர்களிடம் ‘நினைத்து நினைத்து’ பற்றிப் பேச்சை எடுத்துவிடாதீர்கள், அப்புறம் அவர்களைத் தேற்றி எடுப்பது உங்கள் பொறுப்பு.

இப்போது என் தனிப்பட்ட பைத்தியம் ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வங்காளிகளின் பேச்சில் ‘வ’ என்ற ஒலி தனியாக இல்லை தெரியுமா? அங்கே விவேகானந்தர், பிபேகானந்தர்! விமலா என்றால் பிமலா! அந்த நாக்குக்கு ‘முன்பே வா’ என்று ஒரு பாட்டைக் கொடுத்தால் ‘முன்பே பா’ என்று வரவேண்டியது. வந்ததா? அந்தப் பாட்டில் எடுத்த எடுப்பில் கேட்பது அவர் குரல்தான். அந்த ‘வா’ எவ்வளவு துல்லியம்! கீழுதடு மேல்பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற நம்ம ‘வா’.

எப்படிச் செய்கிறார்? அதையும் அவரே சொல்லியிருக்கிறார். தெரியாத மொழிப் பாட்டு என்றால், பாடலாசிரியர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லக் காதைத் தீட்டிக் கேட்டு, இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாராம். பக்கத்திலேயே உச்சரிப்புக்குத் தனக்கென்று சில குறிகள். இதிலிருக்கிற நுணுக்கத்தைப் பாருங்கள். தமிழில் ‘க’ ஒன்றுதான். ‘காகம்’ என்று எழுதினால் முதல் ‘கா’வும் நடுவில் வரும் ‘க’வும் வேறு வேறு ஒலி என்பது நமக்குத் தெரியும், எழுத்துக்குத் தெரியாது. இந்தியில் அந்த வரிசைக்கு நாலு எழுத்து உண்டு. ஆக, அவர் எழுதிக்கொள்வது நம் எழுத்தை அல்ல, காதில் விழுந்த ஒலியை! ஆனால் ‘ழ’வுக்கு இந்திப் பேச்சில் இடமே இல்லையே? அங்கேதான் அந்தக் குறிகள் வேலை செய்யும் என்பது என் ஊகம். 2010-இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் ‘மன்னிப்பாயா’ கேளுங்கள். தாமரையின் வரிகளுக்கு நடுவே திருக்குறளே வருகிறது. தமிழே தாய்மொழியாகக் கொண்டு ‘வாளைப்பளம்’ சாப்பிடுகிற நம் ஆட்கள் சிலருக்கு இந்தப் பாட்டைத் தினமும் காலையில் மருந்து மாதிரிக் கொடுக்கலாம்.

மலையாளத்துக்கும் இதே கதை. ‘ழ’வுக்கு நம்மளவு உரிமை கொண்டாடுகிறவர்கள் அவர்கள். கேரள அரசின் சிறந்த பாடகி விருதை நாலு தடவை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

தேசிய விருது மொத்தம் ஐந்து. ஆனால் அந்த ஐந்தும் ஆறு பாட்டுக்கு என்பது தெரியுமா? 2008-ஆம் ஆண்டுக்கான விருதை ஒரு வங்காளப் பாட்டுக்கும் ஒரு மராத்திப் பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று இந்திக்கு. மிச்சம் ஒன்று? நமக்கு! பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ படத்தில் ரஹ்மான் இசையில் ‘மாயவா தூயவா’. 2023-இல் அறிவித்தார்கள். பார்த்திபன் ஒரே ஷாட்டில் எடுத்த படம் அது. ஒரே டேக்கில் முதல் சினிமாப் பாட்டைப் பாடியவருக்கு ஒரே ஷாட் படத்தில் தேசிய விருது! நானாக இப்படி முடிச்சுப் போடுகிறேன்தான். ரசிகைக்கு இதைவிட என்ன வேலை?

இன்னும் சில, வேகமாக. அமெரிக்காவின் ஒஹையோ மாநில ஆளுநர் 2010 ஜூன் 26-ஐ ‘ஸ்ரேயா கோஷல் தினம்’ என்று அறிவித்தார். மும்பையில் அவர் பட்டப்படிப்பு படித்த எஸ்ஐஇஎஸ் கல்லூரி யார் ஆரம்பித்தது தெரியுமா? தென்னிந்தியக் கல்விச் சங்கம்! பிழைக்கப் போன நம்மவர்கள் 1932-இல் மாதுங்கா பக்கத்தில் தொடங்கியது. தமிழர்கள் போட்ட பெஞ்சில்தான் உட்கார்ந்து படித்திருக்கிறார்!

போட்டி மேடையில் ஒரு நாள் கோப்பையோடு நின்றவர்கள் எல்லோரும் இப்படி வந்துவிடவில்லை என்பதும் நமக்குத் தெரியும். ‘ஃபேம் குருகுல்’ என்ற டிவி பாட்டுப் போட்டியில் 2005-இல் தோற்றுப் போன பையனின் பெயர் அரிஜித் சிங். ஜெயித்தவர்கள் பெயர் எத்தனை பேருக்கு உடனே வருகிறது?

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற விஷயம் இது. 2011-இல் சோனி டிவியில் ‘எக்ஸ் ஃபாக்டர்’ என்ற பாட்டுப் போட்டி வந்தது. நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் சோனு நிகம், குழந்தையாக ஸ்ரேயா பாடிய நிகழ்ச்சியின் தொகுப்பாளர். இன்னொருவர் சஞ்சய் லீலா பன்சாலி, அம்மா கூப்பிட்டதும் ஓடி வந்து பார்த்த மகன். மூன்றாவது நாற்காலியில் யார் தெரியுமா? ஸ்ரேயா கோஷல்! அந்த டிவிப் பெட்டிக்குள் இருந்தவர், அதைப் பார்த்தவர், பெட்டிக்குள் அவரை வரவேற்றவர், மூன்று பேரும் ஒரே மேஜையில்! கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு ராத்திரி டிவியில் பாட்டுப் போட்டி ஓடும். அம்மா சோபாவில் கால் நீட்டிக்கொண்டு பார்ப்பார், நான் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பேன். யாராவது நன்றாகப் பாடிவிட்டால் அங்கிருந்தே குரல் வரும்: “ஏய், இங்க வா, இந்தப் புள்ள பாடுறதக் கேளு!” முன்பெல்லாம் “இரும்மா, கை ஈரம்” என்பேன். லீலா அம்மா கதை தெரிந்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. சோப்பு நுரையோடவே ஓடிப்போய் நிற்கிறேன். என்னிடம் படம் எடுக்கக் காசில்லை, பார்வதிக்குக் குரலும் தேடவில்லை. தரை பூரா தண்ணியாக்கிட்டியே என்று அம்மா திட்டுகிறார், திட்டிவிட்டு, “சரி சரி, அந்தச் சரணத்தக் கேளு” என்று சவுண்டைக் கூட்டுகிறார்.